எந்த ஊர் மழை?

நேயர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் நான் பிறந்து வளர்ந்து, இன்றும் குடியிருக்கும் வீட்டின் வாசல் நிலைக்கு மேலே ஓர் ஆணி இருக்கிறது. என் சிறுவயதில் ஆயா அந்த ஆணியில் ஒரு கற்றாழையை வேரோடு தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கண்ணேறு கழிவதற்காக. மண் கிடையாது, தண்ணீர் கிடையாது. மாதங்கள் போயின, செடி சாகவில்லை. கீழ்நோக்கித் தொங்கிய நுனி மெல்ல மெல்ல வளைந்து வானத்தைப் பார்க்கத் தொடங்கியது. "இதற்கு யார் ஆயா தண்ணீர் ஊற்றுகிறார்கள்?" என்று ஒருநாள் கேட்டேன். "நீ ஊற்றாமல் இருந்தால் போதும்" என்றார்.

பிறகு நான் அறிவியல் ஆசிரியர் ஆனேன். ஓய்வு பெற்றதும் படிக்கட்டு, குளியலறை ஜன்னல், கார் நிறுத்தும் கொட்டகை என்று கண்ட இடமெல்லாம் தொட்டிகளை அடுக்கினேன். இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் சதைப்பற்றுச் செடிகள்; கடைகளில் சக்குலன்ட் என்று விற்கிறார்களே, அவை. முதல் இரண்டு ஆண்டுகளில் நான் கொன்ற செடிகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் ஒன்றுகூடத் தாகத்தால் சாகவில்லை.

ஒரு சாவை மட்டும் சொல்கிறேன். ஒரு டிசம்பர் மாதம், இங்கே கோடை. சந்தையில் ஒருவர் தகர டப்பாக்களில் சட்டைப் பொத்தான் அளவுச் செடிகளை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். கோனோஃபைட்டம் என்று பெயர். மேல்தோல் வெளுத்து, வெங்காயச் சருகுபோல் உலர்ந்திருந்தது. பாவம், தண்ணீர் கேட்கிறது என்று எண்ணி வாங்கி வந்தேன். காலையில் ஒரு கரண்டி, மாலையில் ஒரு கரண்டி. பத்தாம் நாள் விரலால் தொட்டுப் பார்த்தேன். கூழாக நசுங்கியது.

அந்தச் செடி தவித்துக்கொண்டிருக்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தது. அதன் ஊர் நாட்டின் மேற்கோரம், நமாக்குவாலாந்துப் பக்கம். அங்கே மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். கோடை வந்தால் பழைய இலை காய்ந்து உறையாகிவிடும்; அந்த உறைக்குள் புது இலை பத்திரமாக ஒடுங்கியிருக்கும். குளிர் தொடங்கி முதல் மழை விழுந்த பிறகே உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதைத்தான் நான் டிசம்பரில் தட்டி எழுப்பி, குடி குடி என்று வாயில் ஊற்றியிருக்கிறேன்.

நம் டர்பனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரை. சக்குலன்ட் கரூ என்று அழைக்கப்படும் அந்த மேற்கு வறண்ட நிலத்தின் பெரும்பகுதிக்கு நம்முடையதில் கால் பங்குகூடக் கிடைப்பதில்லை. ஆனாலும் அங்கே ஏறத்தாழ 6,000 வகைத் தாவரங்கள் வாழ்கின்றன. அவற்றில் சுமார் நாற்பது விழுக்காடு உலகில் வேறெங்கும் கிடையாது. ஒரே நாட்டுக்குள் நேர்மாறான இரண்டு மழைக்காலங்கள். ஆகவே "வாரத்துக்கு எத்தனை முறை தண்ணீர் ஊற்றலாம்?" என்று யாராவது என்னைக் கேட்டால், "அதன் சொந்த ஊர் எது, அங்கே எப்போது மழை?" என்று திருப்பிக் கேட்பேன். எரிச்சலாக இருக்கும்தான். ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஆயாவின் கற்றாழைக்குத் திரும்புகிறேன். அது எப்படிப் பிழைத்தது? மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை இழுக்கும்போது, உள்ளே இருக்கும் ஈரமும் ஆவியாகிப் போய்விடும். இந்தச் செடிகள் பகலில் கதவைச் சாத்திவிட்டு, குளிர்ந்த இரவில் திறக்கின்றன. இரவில் வாங்கிய கரியமில வாயுவை அமிலமாக்கி வைத்துக்கொண்டு, விடிந்ததும் வெயிலில் அதிலிருந்து உணவு சமைக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பின்னாளில் நம் முன்னோர் இந்த நாட்டுக்குக் கப்பலேறிய அதே சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்பவர், ரணகள்ளி இலையை வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்தார். காலையில் புளிப்பு, நண்பகலில் சப்பென்று, மாலையில் கசப்பு. அவர் எழுதியது 1815இல் அச்சாயிற்று. இந்த இரவு மூச்சின் கதை அந்த நாக்கிலிருந்துதான் தொடங்குகிறது. நீங்கள் ரணகள்ளியை மெல்ல வேண்டாம், அதில் நஞ்சு உண்டு. ஆசையாக இருந்தால் ஸ்பெக்பூம் என்ற இந்நாட்டுச் செடியின் இலை ஒன்றை விடியற்காலையில் பறித்துத் தின்று பாருங்கள், மாலையில் இன்னொன்று. புளிப்பின் வித்தியாசம் தெரியும். சாலடில் போடுகிறவர்களும் உண்டு. எலுமிச்சை ஊறுகாயே மேல் என்பது என் கட்சி.

சரி, டர்பனில் எதை வளர்க்கலாம்? கிழக்குப் பக்கத்துச் செடிகளை. அவற்றுக்குக் கோடைமழை பழக்கம். ஸ்பெக்பூம் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் யானை தின்னும் செடி. யானை மேலிருந்து மேயும், மண்ணைத் தொட்ட கீழ்க்கிளைகள் வேர்விட்டுப் பரவும். ஒரு கிளையை ஒடித்து, வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டுவிட்டு நட்டால் போதும். இந்த ஒரு செடி உலகின் காற்றையே சுத்தமாக்கிவிடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அடுத்தது, தடித்த பச்சைக் காசுபோன்ற இலையுள்ள ஜேட் செடி. சீன உணவகங்களில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அதிர்ஷ்டத்துக்காக வைத்திருப்பார்கள். அது சீனச் செடியே இல்லை. ஈஸ்டர்ன் கேப்பும் நம் க்வாசூலு-நட்டாலும்தான் அதன் தாய்வீடு.

நிலத்தில் வைக்க இடமிருந்தால் கிரான்ஸ் கற்றாழை. இப்போது ஜூலை. நமக்கு ஆடி குளிர்காலத்தில் வருகிறது. மாரியம்மன் கோயில்களில் கூழ் காய்ச்சுகிற இந்த நாட்களில்தான் அது சிவப்புத் தீப்பந்தங்களாகப் பூத்து நிற்கும், தேன்சிட்டு வந்து மொய்க்கும். வீட்டுக்குள்ளே என்றால் காஸ்டீரியா, ஹாவோர்த்தியா வகைகள். புதர்நிழலில் வாழ்ந்து பழகியவை என்பதால் அரைவெளிச்சம் போதும்.

அவற்றோடு சேர்த்து வைக்கத்தக்க ஒன்று உமத்திதிபாலா. துணி துவைக்கும் பலகைபோல் வரிவரியான இலை. சூலு மக்கள் தீயவை அண்டாமலிருக்க அதை வீட்டுப் பக்கம் நடுவார்கள். முதன்முதலில் கேள்விப்பட்டபோது ஆயாவின் ஆணிதான் என் நினைவுக்கு வந்தது. அந்த நம்பிக்கையாலேயே மூலிகைச் சந்தைகளுக்காகக் காட்டிலிருந்து அளவுக்கு மீறிப் பிடுங்கப்பட்டு, பல இடங்களில் அருகிவிட்டது. நர்சரியில் பெருக்கியதை வாங்குங்கள்.

வெளிச்ச விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஐரோப்பாவில் அச்சான தோட்டக்கலைப் புத்தகங்கள் "தெற்கு ஜன்னல்" என்று எழுதும். நாம் பூமியின் தென்பாதியில் இருக்கிறோம். சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து போகிறது. ஆகவே வடக்கு ஜன்னல். குபேரனின் திசை என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. கடை நிழலில் இருந்த செடியை வாங்கிய அன்றே உச்சிவெயிலில் வைத்தால் இலை வெந்து, தழும்பு நிலைத்துவிடும். இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

மண். கடையில் வாங்கும் தொட்டி மண் பாதி, பெருமணலான ஆற்றுமணலும் பொடிச்சரளையும் பாதி. கடற்கரை பக்கத்தில்தான் இருக்கிறது என்று அங்கிருந்து அள்ளி வராதீர்கள், உப்பு. தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் என்று நானும் பல ஆண்டுகள் நம்பினேன். உண்மையில் தண்ணீர் அந்தக் கல் அடுக்குக்கு மேலேயே, வேர் இருக்கும் மண்ணில் தேங்கி நிற்கிறது. ஓட்டை இருந்தால் போதும்.

ஊற்றும்போது அடியில் ஒழுகும்வரை ஊற்றுங்கள், தட்டில் நின்றதைக் கொட்டிவிடுங்கள். அடுத்து எப்போது என்பதற்கு நம் வீடுகளில் அருமையான கருவி இருக்கிறது: எரிந்து முடிந்த ஊதுபத்தியின் குச்சி. தொட்டியில் ஆழமாகச் செருகி எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும், சுத்தமாக வந்தால் ஊற்றலாம். இலை சுருங்கினால் தாகம், அதைத் திருத்திவிடலாம். இலை மஞ்சளாகிக் கண்ணாடிபோல் ஆனால் வேர் அழுகுகிறது. உடனே அழுகலுக்கு மேலே வெட்டி, ஒரு வாரம் நிழலில் காயவைத்து, உலர்ந்த மண்ணில் நட்டால் சில நேரம் பிழைக்கும்.

டர்பனை வெள்ளம் புரட்டிப்போட்ட 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளை நம்மில் யாரும் மறக்கமாட்டோம். ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்த இடங்கள் உண்டு. அந்த வாரம் மக்கள் இழந்ததற்கு முன்னால் தொட்டிச் செடிகளைப் பேசவே கூச்சமாக இருக்கிறது. திறந்த வெளியில் இருந்தவை போயின, கூரைச் சாய்வுக்குக் கீழே இருந்தவை நின்றன என்று மட்டும் சொல்கிறேன். அன்றிலிருந்து என் வீட்டில் மேற்குப் பக்கத்துச் செடிகள் அனைத்தும் கூரைக்குக் கீழேதான்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம், லெனேசியாவிலிருந்து கேட்கும் நேயர்களுக்கு மழையைவிட உறைபனியும் ஆலங்கட்டியும்தான் கவலை. குளிர்கால இரவில் துணியால் மூடுங்கள், குளிரில் தண்ணீரை அறவே குறையுங்கள். ஈர வேர்தான் பனியில் முதலில் சாகும்.

பூச்சிகளில் மாவுப்பூச்சிதான் தலைவலி. பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தொட்டுத் தொட்டு எடுங்கள். ஒரே நாளில் முடியாது. எறும்பு வரிசை தெரிந்தால் அது அங்கே இருக்கிறது என்று பொருள்.

திருகுக்கள்ளியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பென்சில் பென்சிலாகக் கிளைவிட்டு நிற்குமே, அது. ஆப்பிரிக்கச் செடி. 1753இல் லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, மலபார்க் கரையில் டச்சுக்காரர்கள் கேட்டு எழுதிவைத்திருந்த திருக்கள்ளி என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் உலகம் முழுவதும் அதற்கு அதுதான் பெயர். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து இங்கே வந்து இறங்கிய நம் முன்னோர் வேலி ஓரத்தில் அதைப் பார்த்திருந்தால், பெயர் சொல்லியே அழைத்திருப்பார்கள். பெயர் நம்முடையது என்பதற்காக உறவு கொண்டாட வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே மங்கும். வெட்டும்போது கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இலை ஓரத்தில் குட்டி குட்டியாக முளைவிடும் மடகாஸ்கர்ச் செடியைப் பக்கத்து வீட்டு அக்கா அன்போடு கொடுப்பார். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். கூரைத் தகரத்தின் மழைநீர்க் குழாயில்கூட முளைக்கும். அதன் வகைகளில் சில இந்த நாட்டில் பரவும் களைகளாக அறிவிக்கப்பட்டவை.

கடைசியாக, நான் கொன்ற அந்தப் பொத்தான் செடி. கடந்த சில ஆண்டுகளாக நார்தர்ன் கேப்பிலிருந்து கோனோஃபைட்டம் செடிகளைத் திருட்டுத்தனமாகத் தோண்டி, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு அனுப்புகிறார்கள். பறிமுதல் செய்யப்பட்டவையே லட்சக்கணக்கில். சில இனங்கள் ஒரே ஒரு குன்றில் மட்டும் வாழ்பவை. ஒரு கும்பல் ஓர் இரவு வேலை செய்தால் அந்த இனமே போய்விடும். விதையிலிருந்து வளர்த்ததா, பிடுங்கியதா என்று பார்த்தாலே ஓரளவு தெரியும். நர்சரிச் செடிகள் ஒரே அளவில், வடுவில்லாமல் இருக்கும். பிடுங்கியவை ஒன்று பெரிது ஒன்று சிறிது, மேலே காய வடு, வேர் அறுந்திருக்கும்.

என்னுடையதைக் கொட்டியபோது வேரைப் பார்த்தேன். கட்டையாக ஒடிந்திருந்தது, தொட்டி மண்ணுக்குச் சம்பந்தமில்லாத வெள்ளைக் கற்பொடி அதில் ஒட்டியிருந்தது. அன்றைக்கு அதன் பொருள் எனக்குத் தெரியவில்லை.

தகர டப்பாவை எறியவில்லை. அடியில் ஆணியால் நான்கு ஓட்டை போட்டு, ஓர் உமத்திதிபாலாவை நட்டு, வாசலில் ஆயாவின் ஆணிக்கு நேர் கீழே வைத்திருக்கிறேன். இன்று காலை ஊதுபத்திக் குச்சியைச் செருகிப் பார்த்தேன். மண் ஒட்டிக்கொண்டு வந்தது. ஊற்றவில்லை.

நன்றி, வணக்கம்.