தட்டைத் திருப்பிப் போடுங்கள்

(நாகர்கோவிலில் பழைய பாட்டு ரசிகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். வெளியே மழை மிரட்டுகிறது. கரண்ட் போவதற்குள் முடித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். போனாலும் பாதகமில்லை, மேஜையில் இருப்பது சாவி கொடுக்கிற கிராமபோன் பெட்டி.

பேச்சு, நாடக மேடையில் பாடி நடித்த எஸ். ஜி. கிட்டப்பாவைப் பற்றி. செங்கோட்டையில் 1906இல் பிறந்தார், 1933இல் போய்விட்டார். வயது 27தான். அவர் இருந்த காலத்தில் செங்கோட்டையும் நம் நாகர்கோவிலும் திருவிதாங்கூர் மகாராஜா சீமையில் இருந்தன. 1956 நவம்பர் 1இல்தான் இரண்டும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. ஆகவே செங்கோட்டையைத் தங்கள் ஊராக நினைக்கிற திருநெல்வேலி அண்ணாச்சிமார் கோபப்படக் கூடாது, அவர் எங்கள் ஆள்!

போன மாதம் திங்கள்சந்தைப் பக்கம், முன்பு மைக் செட் வைத்திருந்த ஒரு பெரியவர் வீட்டிலிருந்து கிட்டப்பா பிளேட்டு, அதாவது இசைத்தட்டு, ஒன்று கிடைத்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். முன்பக்கம் சாம்பல் பூசியதுபோல் வெளுத்திருந்தது. திருப்பினேன். பின்பக்கம் புதுச் செருப்பு மாதிரி கறுகறுவென்று மின்னியது. கோயில் கொடைக்குக் கொடை, கல்யாணத்துக்குக் கல்யாணம், முன்பக்கத்தை மட்டுமே ஓட்டியிருக்கிறார்கள்.

அந்தத் தட்டு அரக்கில் செய்தது. அரக்கோடு கல்பொடியும் கலந்திருப்பார்கள். தட்டு ஊசியைத் தேய்த்து, அது ஓடுகிற பள்ளமான வரிக்கு ஏற்றபடி ஆக்கிக்கொள்ளட்டும் என்பதற்காக. அதனால் எஃகு ஊசி ஒரு பக்கம் ஓடியதும் கூர் போய்விடும். தூரப் போட்டுவிட்டு வேறு ஊசி மாட்ட வேண்டும். நம் ஆட்கள் போடுவார்களா? ஒரே ஊசியில் பத்துப் பாட்டு ஓட்டினார்கள். மழுங்கிய ஊசி வரியை உழுதது. முன்பக்கத்தில் இப்போது கேட்பது கிட்டப்பா பாதி, அப்பளம் பொரிகிற சத்தம் பாதி.

பின்பக்கத்தில் மனிதர் அப்படியே இருக்கிறார். மைக் இல்லாத மேடையில் நின்று கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்கும்படி பாடிப் பழகிய தொண்டை அது. மேலே போகுமுன் அவர் மூச்சு இழுப்பதுகூட எனக்குக் கேட்டது. நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைப் போட்டபோது ஒரு அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். “பின்பக்கம்னா கம்பெனிக்காரன் இடத்த நெரப்ப போட்டதுதானடே” என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், கொஞ்சம் முன்னே பின்னே. பெரிய பாட்டு அதில் எப்படி அடங்கும்? பல்லவியும் அனுபல்லவியும் இந்தப் பக்கம், சரணம் அந்தப் பக்கம் என்று பிரித்துப் போட்ட தட்டுகள் எத்தனையோ உண்டு. அப்படிப்பட்ட தட்டைத் திருப்பாதவன் சரணத்தைக் கேட்கவே இல்லை என்றுதானே அர்த்தம்? இந்தத் தட்டில் இரண்டும் வேறு வேறு பாட்டு, அது வேறு விஷயம்.

அப்புறம் சுருதிச் சண்டை வந்தது. முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் குரல் இறங்கியிருக்கிறது, அன்றைக்கு அவருக்குச் சளி என்றார் ஒருவர். எனக்குச் சந்தேகம் பெட்டியின் மேல். தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்ற வேண்டும். அது 82, 83 ஆனால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். சாவி கொடுத்து முறுக்கிய ஸ்பிரிங் தளர்ந்து 74க்குக் குறைந்தால் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கிவிடும். நாங்கள் முன்பக்கத்தைப் போட்டது முழுச் சாவி கொடுத்த கையோடு. பின்பக்கத்தைப் போடும்போது மறுபடி சாவி கொடுக்கவில்லை. ஸ்பிரிங் களைத்ததற்குப் பாவம் கிட்டப்பாவுக்குச் சளி! மறுவாரம் தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றை எண்ணினோம். 78க்குக் கொண்டுவந்து போட்டதும் சளி தீர்ந்தது. உதட்டைப் பிதுக்கிய அண்ணன் இரண்டாவது தடவையும் போடச் சொன்னார், மூன்றாவது தடவை நாங்கள்தான் மறுத்தோம். இதுவும் வெளுத்துவிட்டால் வேறு தட்டுக்கு எங்கே போவது?

பாட்டு எதுவென்று நான் சொல்லப்போவதில்லை. பெயரைக் கேட்டதும், “ஓ, இதா” என்று சொல்லிவிடுவீர்கள். அந்த “ஓ, இதா”வுக்கு முன்னால் குரல் உங்கள் காதில் விழட்டும்.

தம்பி, சாவி முழுசாகக் கொடுத்தாச்சா? ஊசி புதுசுதானே? சரி, மெதுவாக வையுங்கள். அந்தப் பக்கம் இல்லை, மறுபக்கம்.