மியூனிக் நகரத்துச் செஸ்ட்நட் நிழல்

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அய்யா அவர்களே, என்னைப் பற்றி நாலு வார்த்தை கூடுதலாகவே சொல்லிவிட்ட செயலாளர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்த வர்த்தகர் சங்கப் பெரியவர்களே, இடம் போதாமல் சுவரோரம் நிற்கும் இளைஞர்களே, தாய்மார்களே, வணக்கம். நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்கள் வேறொரு நிகழ்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தனி நன்றி. அவர்களிடம் எனக்கொரு கோரிக்கை உண்டு, அப்புறம் வருகிறேன்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இருக்கும் மியூனிக் நகரத்துப் பழைய பீர்க் கூடங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வரலாறு, அரசியல், நிழல் என்று மூன்று செய்திகள் சொல்கிறேன். நான் குடிப்பவன் இல்லை. ஆப்பிள் சாற்றில் சோடா கலந்து தருவார்கள். அதை வைத்துக்கொண்டே ஒரு மாலை முழுக்க உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

ஹோஃப்பிராய்ஹவுஸ் என்ற கூடம் எல்லாருக்கும் தெரியும். 1589இல் பவேரியாவின் கோமகன் ஐந்தாம் வில்ஹெல்ம் தன் அரண்மனைத் தேவைக்காக ஆரம்பித்த பீர் ஆலை அது. 1828இல்தான் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. உள்ளே நீள நீளமான மரமேசைகள், வாத்தியக் குழு. ஒரு ஓரத்தில் இரும்புச் சட்டங்களில் வாடிக்கைக்காரர்களின் குவளைகள் வரிசையாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். வந்தவர் பூட்டைத் திறந்து, தன் குவளையை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போவார். அரசியல் என்றால், 1920 பிப்ரவரி 24 அன்று ஹிட்லர் தன் கட்சியின் 25 அம்சத் திட்டத்தை அறிவித்ததும் இதே கட்டடத்தில்தான். அது பெரிய கதை, நேரம் கருதி விடுகிறேன்.

நான் பேச வந்தது நிழலைப் பற்றி. 'நிழலின் அருமை வெயிலில் தெரியும்' என்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் பவேரியாவில் கோடையில் பீர் காய்ச்சத் தடை வந்தது. வெப்பத்தில் பீர் கெட்டுப்போகும், அடுப்பால் தீ விபத்தும் வரும். அதனால் குளிர்காலத்தில் காய்ச்சியதை இசார் ஆற்றங்கரை மேட்டில் நிலவறை தோண்டி, பனிக்கட்டி போட்டுச் சேமித்தார்கள். நிலவறை சூடேறாமலிருக்க மேலே சரளைக்கல் பரப்பி, செஸ்ட்நட் மரம் வைத்தார்கள். அகன்ற இலை, ஆழம் போகாத வேர்; நிலவறைக் கூரைக்குச் சேதமில்லை. பீருக்காக வளர்த்த நிழலில் மனிதர்கள் வந்து உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் தங்கள் பிழைப்பு போகிறதென்று முறையிட்டார்கள். 1812இல் மன்னர் முதலாம் மாக்சிமிலியன் யோசப் ஓர் ஆணை போட்டார்: ஆலைக்காரர்கள் நிலவறையிலேயே பீர் விற்கலாம், ஆனால் ரொட்டி தவிர வேறு உணவு விற்கக் கூடாது. அதனால்தான் சொந்தச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வரும் வழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது.

இதை நான் கண்ணால் பார்த்த கதையைச் சொல்ல வேண்டும். ஜூலை மாதம், உச்சி வெயில். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே ஆகுஸ்டினர் கெல்லர் என்ற பீர்த் தோட்டத்துக்குப் போனேன். தலை சுட்டது. மரத்தடிக்குள் கால் வைத்ததும் வேறு ஊருக்கு வந்தது போல இருந்தது. ஆயிரக்கணக்கான பேர், காலி மேசையே இல்லை. ஒரு வயதான தம்பதி கையைக் காட்டி, நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். அந்த அம்மா கூடையிலிருந்து நீலக்கட்டம் போட்ட துணியை எடுத்து விரித்தார். அப்புறம் முறுக்கு மாதிரிப் பின்னிய பிரெட்சல் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு முழ நீள வெள்ளை முள்ளங்கி. அய்யா பேனாக்கத்தியை எடுத்து, முள்ளங்கியைச் சுற்றிச் சுற்றி அறுத்தார். அறுந்து விழவில்லை, சுருள் சுருளாக விரிந்தது. இடையிடையே உப்பைத் தூவி அப்படியே வைத்துவிட்டார். நான் கை நீட்டினேன். 'பொறுங்கள்' என்பதுபோல் விரலை உயர்த்தினார். முள்ளங்கி தண்ணீர் விட்டு, சொட்டுச் சொட்டாகத் தட்டில் இறங்கிய பிறகுதான் எனக்கொரு துண்டு கொடுத்தார். காரமெல்லாம் போய் இளநீர் மாதிரி இருந்தது! பிறகு காலால் தரையைத் தட்டிக் காட்டினார். நிலவறை கீழேதான் இருக்கிறது.

அந்த நிழலுக்காக அந்த ஊர்க்காரர்கள் தெருவில் இறங்கியவர்கள். ஒரு தோட்டத்தை இரவு சீக்கிரம் மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தபோது, 1995 மே 12 அன்று 20,000 பேருக்கு மேல் மியூனிக்கில் ஊர்வலம் போனார்கள். அரசு இறங்கி வந்து விதியை மாற்றியது. நிழலின் அருமை வெயிலில் தெரியும். தெரிந்தவர்கள் சும்மா இருக்கவில்லை.

அம்மா அவர்களே, இப்போது என் கோரிக்கை. நம் பேருந்து நிலையத்து எதிரே நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களில் வெள்ளைச் சுண்ணாம்பால் எண் போட்டிருக்கிறார்கள். சாலை அகலமாகப் போகிறதாம். மதியம் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளுக்கும், அடியில் பழம் விற்கும் பெண்களுக்கும் வேறு நிழல் கிடையாது. தகரக் கொட்டகை நிழலாகாது, அது அடுப்பு. சாலையை மரத்துக்கு இந்தப் பக்கம் திருப்ப இடம் இருக்கிறது, நானே அளந்து வரைபடம் வைத்திருக்கிறேன். அடுத்த மன்றக் கூட்டத்தில் அதைத் தாங்கள் முன்வைக்க வேண்டும்.

அரசியல் செய்தியை முழுதாகச் சொல்லவில்லை, மன்னிக்கவும். வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். தேநீர் குடிக்கப் போகும் முன் ஒவ்வொருவரும் கையெழுத்திட்டு, வார்டு எண்ணையும் எழுதுங்கள். வணக்கம்.