இந்தக் கை வாழ்த்துகிறதா, புளுகுகிறதா?

[திரையில்: 🤞 பெரிதாக]

'நாளைக்கு இன்டர்வியூ' என்று நண்பருக்கு மெசேஜ் போடுகிறீர்கள். பதிலாக இந்தக் கை மட்டும் வருகிறது. ஆள்காட்டி விரல் மேல் நடுவிரல் ஏறிப் பின்னிக்கொண்டிருக்கிறது. 'நல்லபடியா நடக்கட்டும்' என்கிறார். உங்கள் விஷயத்துக்கு நீங்களும் போடலாம். 'ரிசல்ட் இன்னும் வரல' என்பதற்குப் பக்கத்தில் இதை வைத்தால், வேண்டிக்கொண்டு காத்திருக்கிறீர்கள் என்று புரிந்துவிடும்.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இது ஊறிய பழக்கம். 1994-ல் பிரிட்டனில் தேசிய லாட்டரி தொடங்கியபோது அதன் சின்னமே விரல் பின்னிய கைதான். அதிலேயே சிரிக்கும் முகம் ஒன்றையும் வரைந்துவிட்டார்கள். சீட்டு வாங்குகிறவருக்கு வேறென்ன வேண்டும்!

எமோஜியாக வந்தது 2016 ஜூனில், யூனிகோடு 9.0-ல். யூனிகோடு என்பது எழுத்துக்கும் எமோஜிக்கும் எல்லாக் கருவிகளிலும் பொதுவான பட்டியல். அதில் இதற்கு வைத்த பெயர், 'ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பின்னிய கை'. அதிர்ஷ்டம் என்ற பேச்சே இல்லை. அதுவும் சரிதான், ஏன் தெரியுமா?

[திரையில்: ஒரு சிறுமி, முதுகுக்குப் பின்னால் கை]

'நான் கேக்கைத் தொடவே இல்லை' என்கிறாள். பின்னால் விரல் பின்னியிருக்கிறது. பிரிட்டிஷ், அமெரிக்கக் குழந்தைகளின் சட்டப்படி அப்போது சொன்ன பொய் கணக்கில் வராது. செய்த சத்தியமும் செல்லாது. கை முன்னால் இருந்தால் வாழ்த்து, பின்னால் போனால் புளுகு. எமோஜிக்கு ஏது முதுகு? 'திங்கட்கிழமை பணம் தந்துடறேன்' என்று எழுதி இதைப் போட்டுப் பாருங்கள், கடன் கொடுத்தவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

ஜெர்மனியில் விரலைப் பின்னுவதில்லை. கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் இறுக்கிப் பிடிப்பார்கள். 'உனக்காகக் கட்டைவிரலை அழுத்துகிறேன்' என்றே சொல்வார்கள்.

வியட்நாமில் மட்டும் உஷார். அங்கே விரல் பின்னிய கை ஆபாச சைகை. பெண்ணின் அந்தரங்க உறுப்பைக் குறிக்கும். ஹனோய் அலுவலக குரூப்பில் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், கீபோர்டில் இதைப் போலவே இன்னொன்று இருக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் குறுக்கே சேரும். கொரியர்களின் குட்டி இதயம் அது. 2021-ல் யூனிகோடு 14.0-ல் சேர்ந்தது. அவசரத்தில் அதைத் தட்டிவிட்டால், நாளைக்கு இன்டர்வியூ எடுக்கப்போகிறவருக்கு இன்றைக்கே காதல் தூது போய்விடும்.