கொம்பைத் தேடிய விரல்

நேயர்களுக்கு வணக்கம்.

நாற்பது வயதுக்குப் பக்கத்தில் தொழில் மாறிப் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஏதாவது பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தவை இரண்டு வேலைகள். ஈய எழுத்துக் கோப்பது ஒன்று, கணினியில் பக்கம் கட்டுவது இன்னொன்று. முதல் வேலையில் 19 வருஷம் இருந்தேன். அதற்குப் பிறகு இரண்டாவது வேலையில் ஒன்றும் தெரியாதவனாகப் போய் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்த நாட்களைத்தான் சொல்லப் போகிறேன்.

1975. எனக்கு 15 வயது. கும்பகோணத்தில் ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டர், அதாவது எழுத்துக் கோப்பவர், வேலைக்குச் சேர்ந்தேன். இடது கையில் எழுத்தை வரியாக அடுக்குகிற ஸ்டிக், வலது கை எழுத்துகள் கிடக்கிற அறைப்பெட்டியான கேஸில். ஒவ்வொரு ஈய எழுத்தின் உடம்பிலும் சின்னதாக ஒரு காடி வெட்டியிருக்கும். அந்தக் காடி விரலில் பட்டாலே எழுத்து நேராக நிற்கிறதா, புரண்டு நிற்கிறதா என்று தெரிந்துவிடும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை, கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். தமிழ்க் கேஸில் அறைகள் அதிகம். கி ஒரு அறை, கீ ஒரு அறை, கு ஒரு அறை, கூ ஒரு அறை, புள்ளி வைத்த க் தனி அறை. கொம்பும் காலும் தனித்தனியாகக் கிடக்கும். இதெல்லாம் கையில் படிய எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. படிந்த பிறகு, மின்சாரம் போனாலும் கை நிற்காது.

1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பெரியார் 1935 முதலே தம் பத்திரிகையில் கையாண்டுவந்த எழுத்துகள் அவை. ணா, றா, னா, லை, ளை என்று 13 எழுத்துகளின் பழைய உருவம் போயிற்று. யானைத் தும்பிக்கை போல வளைந்த அந்தப் பழைய லை இருந்ததே, அது ஒரே துண்டு ஈயம். புதிய லைக்கு ஐகாரக் குறி ஒன்று, ல ஒன்று, ஆக இரண்டு துண்டு. எனக்கு வயது 18. ஒரு வாரத்தில் பழகிவிட்டேன். எங்கள் போர்மேனுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. 'தலை' என்று வரும்போதெல்லாம் அவர் கை அந்தப் பழைய அறைக்கே போகும். அறை காலியாக இருக்கும். விரல் அடிப்பலகையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். நாங்கள் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அப்படிச் சிரித்திருக்கக் கூடாது என்று எனக்கு விளங்க இன்னும் 16 வருஷம் ஆயிற்று.

1994இல் அச்சகத்துக் கேஸ்களைப் பழைய ஈய விலைக்கு எடைபோட்டுக் கொடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் வந்தது. விருப்பப்பட்டால் கற்றுக்கொண்டு இருக்கலாம், கற்றுக்கொள்கிற வரைக்கும் பாதிச் சம்பளம் என்றார்கள். எனக்கு வயது 34, இரண்டு குழந்தைகள். சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணுக்கு இருபது வயது. என்னை "அண்ணே" என்று கூப்பிட்டது. நான் "தங்கச்சி" என்றேன்.

முதல் நாள் அரைப் பக்கம் தட்டச் சொன்னார்கள். காலையில் ஆரம்பித்தது, விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிந்தது. அதே அரைப் பக்கத்தை ஸ்டிக்கில் எவ்வளவு நேரத்தில் கோத்திருப்பேன் என்று என் கைக்குத் தெரியும். அந்தக் கணக்குத்தான் ஆளைத் தின்றது. ஒன்றும் தெரியாத பதினைந்து வயதுப் பையனுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. முப்பத்து நாலு வயதுக்காரன் ஒவ்வொரு நிமிஷமும் தன்னையே தனக்கு எதிரே நிறுத்தி அளக்கிறான். இன்று புது வேலைக்குப் போய்விட்டு ராத்திரி தூக்கம் வராமல் புரளுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது பெரும்பாலும் புது வேலையின் கஷ்டம் இல்லை, பழைய வேலையில் இருந்த வேகத்தின் ஞாபகம். அந்த ஞாபகத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைக்க முடிந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் மாதம் முழுக்க நான் அந்தப் பெண்ணிடம் சந்தேகமே கேட்கவில்லை. திரையில் ஏதாவது மாட்டிக்கொண்டால் சும்மா உட்கார்ந்திருப்பேன், அதுவாக எழுந்து வந்து பார்க்கும்வரை. கேட்க வாய் வரவில்லை. தங்கச்சி என்று கூப்பிடுகிற பிள்ளையிடம் போய் எப்படிக் கேட்பது? ஒரு நாள் வீட்டில் என் மகள், எட்டு வயது, கேட்டாள்: "அப்பா, உங்க டீச்சர் பேர் என்ன?" அன்று ராத்திரி அதை நினைத்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் போனதும், "டீச்சர், இந்த இடத்தில் எழுத்து ஏன் ஓடுகிறது?" என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு வெட்கம். "என்ன அண்ணே, டீச்சர்னு எல்லாம்" என்றது. "வேலை நேரத்தில் நீங்கள் டீச்சர்தான்" என்றேன். அதிலிருந்து வாங்க, போங்க என்றே பேசினேன். கேள்வி கேட்பதும் எளிதாகிவிட்டது. கூப்பிடுகிற சொல்லை மாற்றினேன், மற்றது தானாக மாறியது.

புதியவர்களாக இருந்தவர்களில் ஒருவரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தமிழ் எழுத்தில் முதன்முதலாக அச்சான புத்தகம் தம்பிரான் வணக்கம். 1578இல் கொல்லத்தில் அச்சிட்டார்கள், வெறும் 16 பக்கம். அதற்குக் காரணமாக இருந்த அன்றிக்கே அடிகளார் போர்ச்சுகல்காரர். வளர்ந்த ஆளாகத் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்து, அங்கே தமிழை முதல் எழுத்திலிருந்து படித்தவர். நம் அச்சுத் தொழிலின் வாசலிலேயே புதிதாகக் கற்ற ஒருவர்தான் நிற்கிறார். பாதிச் சம்பளத்தில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் இது எனக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவோ தெம்பாக இருந்திருக்கும்.

சரி, வேலைக்கு வருகிறேன். தட்டச்சு ஓரளவு கைக்கு வந்ததும் வேறொரு சங்கடம் வந்தது. ஈய எழுத்தில் கோத்த வரி, கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலம் மாறி இருக்கும். அதைத் தலைகீழாகப் பிடித்துத்தான் வாசிப்போம். அதனால் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தே ஆக வேண்டும், பொருளோடு ஓட முடியாது. பிழை தானாகக் கண்ணில் குத்தும். திரையிலோ எல்லாம் நேராக, அழகாகத் தெரிகிறது. கண் பொருளைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுகிறது, பிழை அடியிலேயே தங்கிவிடுகிறது. 19 வருஷம் நல்ல கம்பாசிட்டர் என்று பேர் வாங்கியவன், 'பெரியோர்' என்பதைப் 'பெரியார்' என்று அடித்துவிட்டு, மூன்று முறை படித்தும் பார்க்காமல் விட்டேன். பிறகு ஒரு வழி செய்தேன். பக்கத்தைத் தாளில் எடுத்து, தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு பிழை பார்த்தேன். பழைய கண் திரும்பி வந்தது. இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறேன்.

புதுத் துறைக்குப் போனால் பழசையெல்லாம் மறந்துவிடு என்று சிலர் புத்தி சொல்வார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விரல் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது உண்மை. கண் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஆனால் போன உடனேயே பழசை எடுத்து விரிக்கக் கூடாது. "எங்கள் காலத்தில்" என்று நான் ஆரம்பித்தபோதெல்லாம் எதிரே இருந்தவர்கள் முகம் மூடிக்கொண்டதைப் பார்த்தேன். மூன்று மாதம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

நான்காவது மாதம் ஒரு கும்பாபிஷேக மலர் வந்தது. பக்கத்துக்கு மூன்று பத்தி, குறுகலான பத்தி. நீளமான சொல் வந்தால், பக்கம் கட்டுகிற மென்பொருளான பேஜ்மேக்கர் தன் இஷ்டத்துக்கு உடைத்துவிடும். அதற்கு அது தமிழ் என்று தெரியாது. ஒரு வரியின் கடைசியில் கொம்பு மட்டும் தொங்குகிறது, அது சேர வேண்டிய எழுத்து அடுத்த வரிக்குப் போய்விட்டது. இன்னோரிடத்தில் ஒரு வரி 'க்' என்று புள்ளி எழுத்தில் தொடங்குகிறது. டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொம்பு தொங்குவது உடனே புரிந்தது. "புள்ளி எழுத்து வரி முதலில் வந்தால் என்ன அண்ணே?" என்று கேட்டார்கள்.

எனக்குப் பதில் வரவில்லை. வரக் கூடாது, அவ்வளவுதான் தெரியும். போர்மேன் அப்படிச் செய்ய மாட்டார், அதனால் நானும் செய்ததில்லை. ஏன் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சாப்பாட்டு நேரம் முழுக்க யோசித்தேன். பிறகு சொன்னேன்: "ஒற்று முன்னால் இருக்கிற எழுத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது, டீச்சர். 'பக்கம்' என்றால் 'பக்' என்றுதான் வாய் திறக்கிறது. வரியை மாற்றிவிட்டால் அது சாய இடமில்லாமல் நிற்கும். தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி எழுத்தில் தொடங்காது, வரி மட்டும் தொடங்கலாமா?" ஒத்துக்கொண்டார்கள். மலர் முழுக்க இரண்டு பேரும் உட்கார்ந்து வரி வரியாக உடைத்துச் சரிசெய்தோம். 19 வருஷம் கையில் வைத்திருந்த ஒன்றை, தெரியாத ஒருவர் கேட்ட பிறகுதான் நானே தெரிந்துகொண்டேன்.

பிறகு காலம் ஓடியது. டீச்சர் கல்யாணமாகிச் சொந்தமாக, கணினியில் பக்கம் கட்டித் தருகிற ஒரு டி.டி.பி. மையம் வைத்தார்கள். நான் அங்கேயே வேலைக்குப் போனேன். 2010இல் தமிழ்நாடு அரசு, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றது. அடுத்த வருஷமே எங்களுக்கு வேலை கொடுத்தவர்கள், பழைய எழுத்துருவில் வேண்டாம், ஒருங்குறியில் கொடுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதோடு விசைப்பலகையையும் தமிழ்99 என்கிற எழுத்து வரிசைக்கு மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தோம். இடது கைப் பக்கம் உயிர், வலது கைப் பக்கம் மெய். எனக்கு 51, அவர்களுக்கு 37. இந்த முறை சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. எழுத்து வரிசையை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம்.

அதுவரை நாங்கள் பழகியிருந்த தட்டச்சு முறையில் 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். 17 வருஷம் அப்படி. அன்று பார்க்கிறேன், டீச்சரின் விரல் கொம்பு இருந்த இடத்துக்குப் போகிறது, வேறு எழுத்து விழுகிறது, அழிக்கிறார்கள், மறுபடியும் விரல் அங்கேயே போகிறது. காலியான அறையின் அடிப்பலகையைத் தொட்டுத் திரும்பிய எங்கள் போர்மேனின் விரல் ஞாபகம் வந்தது. நான் சிரிக்கவில்லை. என் விரலும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

"கொம்பு எங்கே அண்ணே?" என்றார்கள்.

"இதில் கொம்பே இல்லை போலிருக்கிறது, டீச்சர். க தட்டி ஒ தட்டினால் அதுவே போட்டுக்கொள்ளுமாம்."

இரண்டு பேரும் தட்டினோம். இரண்டு திரையிலும் 'கொ' வந்தது.

வணக்கம்.