சீவாளியும் ஆச்சா மரமும்

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் வானொலியைத் திருப்பினால் முதலில் மங்கல இசை கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். உங்களுக்கு நாகஸ்வரத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நாகஸ்வரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பேச்சு வந்தால் நாம் வித்வான்களைப் பற்றிப் பேசுவோம், கச்சேரி வாய்ப்புகளைப் பற்றிப் பேசுவோம். பேச வேண்டியதுதான். ஆனால் வாசிக்க ஆள் இருந்து, கையில் நல்ல வாத்தியமும், வாயில் வைத்து ஊத நாணலில் செய்த நல்ல சீவாளியும் இல்லையென்றால் என்ன செய்வது? அதனால் இன்று மரத்தையும் நாணலையும் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் மரம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில், ஆடுதுறை பக்கத்தில் நரசிங்கம்பேட்டை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நாகஸ்வரம் செய்யும் ஊர். 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே உலவுக்கு, அதாவது துளைகள் உள்ள நீண்ட குழலுக்கு, ஆச்சா மரம்தான். அடியில் விரிந்திருக்கும் அணசுக்கு வாகை. ஆச்சா என்றால் புதிதாக வெட்டிய மரம் உதவாது. ஈரம் முழுக்க வற்றாத மரத்தைக் கடைந்தால், சில மாதங்களில் உள்துளை நெளியும், அல்லது நீளவாக்கில் விரிசல் விடும். மயிரிழை விரிசல் போதும், காற்று அதன் வழியே கசிந்து ஸ்வரம் பிசிறடிக்கும். ஆகையால் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண் இவற்றைத் தேடித்தான் வாங்குகிறார்கள். பல பத்தாண்டுகள் கூரையைத் தாங்கி நன்றாக உலர்ந்த மரம் அது.

இங்கே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். டெல்டாவில் பாட்டன் காலத்து ஓட்டு வீட்டை இடிக்கிறீர்கள் என்றால், மரத்தை மொத்தமாக விலை பேசி விற்பதற்கு முன் அதில் ஆச்சா இருக்கிறதா என்று ஒரு தச்சரை அழைத்துப் பாருங்கள். இருந்தால் பட்டறைக்குச் சொல்லி அனுப்புங்கள். இடிக்க வேண்டிய வீடுகள் ஒருநாள் தீர்ந்துபோகும். இன்று ஆச்சா நட்டால் அதில் கடையப்போவது பேரன் காலத்து ஆசாரி. அதற்காகவே இன்று நட வேண்டும்.

கட்டையைக் கடைசல் பட்டறையில் ஏற்றி உருட்டி, உள்ளே நீளத் துளை போடுவார்கள். இந்தத் துளை மேலே குறுகி, கீழே போகப் போக விரிய வேண்டும். இதில் ஓர் இடத்தில் கொஞ்சம் கூடுதலாகக் குடைந்துவிட்டால் அந்த இடத்து ஸ்வரம் மட்டும் விலகி நிற்கும். பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை, கட்டை வீண். மொத்தம் 12 துளைகள். விரல் வைப்பது 7. கீழ்ப்பக்கம் உள்ள 5 துளைகள் சுருதி சேர்ப்பதற்கானவை, தேவைப்பட்டதை மெழுகால் அடைத்துக்கொள்வார்கள்.

பழைய நாகஸ்வரம் திமிரி. குட்டையானது, நாலு, ஐந்து கட்டையில் பேசும் (கட்டை என்று இங்கே சொல்வது சுருதியின் அளவை), எட்டு வீதிக்கும் கேட்கும். அதில் சுத்த மத்யமம், அதாவது 'ம' ஸ்வரத்தின் தாழ்ந்த வகை, சுலபமாக வராது, உதட்டாலும் மூச்சாலும் வரவழைக்க வேண்டும். நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கேட்டார், நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி கடைந்தார். சுத்த மத்யமம் சுத்தமாகவே ஒலிக்கும் நீண்ட பாரி நாகஸ்வரம் அப்படித்தான் வந்தது. இரண்டு, இரண்டரைக் கட்டை. இன்று நாம் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். வாசிப்பவரும் கடைபவரும் பக்கத்தில் உட்கார்ந்து, ஊதிப் பார்த்துத் திருத்தியதால் வந்த வாத்தியம் அது. இசைப்பள்ளி மாணவர்களைப் பயிற்சிக் காலத்தில் சில நாட்களாவது பட்டறையில் உட்கார வைக்க வேண்டும்.

இப்போது சீவாளி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாகஸ்வரத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உலவு நன்றாக இருந்தால் ஒரு வித்வானுக்கு ஆயுள் முழுக்க வரும். சீவாளி அப்படியில்லை. எச்சிலிலும் மூச்சிலும் நனைந்து நனைந்து தளர்ந்துபோகும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நாகஸ்வரத்தில் நூலில் கட்டிக் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அத்தனையும் மாற்றுச் சீவாளிகள், கூடவே அதன் வாயைத் திருத்தும் ஊசி. வேலைக்கான சாமான்கள்.

சீவாளி செய்வது கொறுக்கைத் தட்டையில். ஆற்றங்கரையில் வளரும் நாணல் வகை. முற்றியதாகப் பார்த்து வெட்டி உலர்த்துவார்கள். இளசாக வெட்டினால் சீவாளி இரண்டு நாளில் துவண்டுவிடும். உலர்ந்ததை நெல் அவிக்கும்போது கூடவே போட்டு அவித்து, மறுபடி காயவைப்பார்கள். அப்போதுதான் நார் பதப்படும், அமுக்கினால் பிளக்காது. பிறகு அளவாக நறுக்கி, மேல்தோலைச் சீவி, ஊறவைத்து, வாய்ப்பக்கம் தட்டையாக விசிறிபோல விரியும்படி அமுக்கி, கழுத்தை நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். இது கெண்டை என்ற சிறிய உலோகக் குழாயில் ஏறி, கெண்டை உலவின் தலையில் செருகும். கெண்டையில் சுற்றிய நூல் தளர்ந்தால் காற்று கசியும். கெண்டையை உள்ளே தள்ளினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும்.

சீவாளியின் இரண்டு உதடுகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் எல்லாம். அதிகம் திறந்திருந்தால் மூச்சு முட்டும், அரை மணியில் வாசிப்பவர் களைத்துவிடுவார். மூடியிருந்தால் நாதம் நெரிந்து வரும், தாரஸ்தாயியில், அதாவது மேல் ஸ்வரங்களில், நின்றுவிடும். அதற்குத்தான் அந்த ஊசி. தடித்த சீவாளி கார்வைக்கு, அதாவது ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவதற்கு, நன்றாக இருக்கும்; வேகமாக உருளும் பிருகாவுக்கு ஒத்துழைக்காது. மெல்லியது சுறுசுறுப்பாகப் பேசும், ஆனால் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஒரே கொத்தில் உள்ளவைகூட ஒன்றுபோல ஒன்று பேசாது. ஏசி போட்ட கல்யாண மண்டபத்தில் இன்னொரு தொல்லை உண்டு. தாலி கட்டும் நேரத்துக்காகக் காத்திருக்கும்போது குளிர்காற்று நேராகப் பட்டால் சீவாளி வறண்டுவிடும். கெட்டிமேளம் என்று கைகாட்டியதும் முதல் ஊதலில் சத்தம் வராது. வித்வான் மேல் தப்பில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் மேளக்காரர்களை ஏசிக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள்.

இந்தத் தட்டை வளர்வதற்குக் கரை வேண்டும். கரையைக் கல் பதித்துச் சீராக்கினால் நாணல் புதர் போய்விடும். சீவாளி செய்வது சில குடும்பங்களின் கைத்தொழில், உழைப்புக்கு ஏற்ற விலை கிடைப்பதில்லை. புவிசார் குறியீடு நாகஸ்வரத்துக்கு வந்தது நல்லது. அதில் ஊதும் சீவாளியைச் செய்பவரையும் கவனிக்க வேண்டும். கொறுக்கைக்கென ஒரு துண்டு கரையை ஒதுக்குவது பெரிய செலவில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். தட்டை இல்லையென்றால் சீவாளி இல்லை, சீவாளி இல்லையென்றால் உலவு வெறும் மரக்கட்டை.

அடுத்தது ஒத்து. நாகஸ்வரம் போலவே இருக்கும், விரல் துளை இருக்காது, ஒரே சுருதியை இடைவிடாமல் ஊதுவது. வாசிப்பவர் கன்னத்தில் காற்றை நிறுத்தி, மூக்கால் இழுத்துக்கொண்டே ஊதுவார். இப்போது சுருதிப்பெட்டி வந்துவிட்டது. வசதிதான். ஆனால் அந்தக் காலத்தில் ஒத்து ஊதியது பெரும்பாலும் சிஷ்யப் பிள்ளை. குருவின் பக்கத்தில் நின்று இராமுழுக்க ராகத்தைக் கேட்டபடியே மூச்சைப் பழக்கிக்கொண்டான். பெட்டி வந்தபோது அந்தப் பாடமும் போயிற்று. மாவட்ட இசைப்பள்ளிகளில் முதல் ஆண்டில் ஒத்தைச் சேர்க்கலாம்.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். கோயில் உற்சவத்தில் நாகஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரி பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவாமி புறப்பாட்டுக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு, அதாவது நைவேத்யத்துக்கு ஒன்று, தேருக்கு ஒன்று என்று மல்லாரிகள் தனித்தனி. எல்லாம் கம்பீர நாட்டை ராகம்தான், நடையும் சந்தர்ப்பமும் வேறு. உங்கள் ஊர்க் கோயிலில் இவை இன்றும் வாசிக்கப்படுகின்றன என்றால், வித்வானிடம் அனுமதி கேட்டு, கைப்பேசியிலாவது பதிவு செய்யுங்கள். அணசுக்கு நேரே பிடிக்காதீர்கள். ஒலி விரல் துளைகளிலிருந்தும் வருவதால், நாலடி தள்ளிப் பக்கவாட்டில் நில்லுங்கள். எந்தக் கோயில், எந்த உற்சவம், எத்தனையாம் நாள், எந்த வீதி, வாசித்தவர் யார், தவில் யார் என்பதைப் பதிவின் தொடக்கத்தில் வாயாலேயே சொல்லிவிடுங்கள். வணக்கம்.