தம்ப்நெயிலைச் சுருக்கிப் பாருங்கள்

[திரையில்: கணினித் திரை முழுக்க விரிந்த ஒரு தம்ப்நெயில். அது மெல்லச் சுருங்கி, கைபேசியில் வரும் வீடியோ பட்டியலுக்குள் போய் உட்கார்கிறது.]

வணக்கம். யூடியூப் பட்டியலில் வீடியோவைத் திறக்கும் முன் தெரிகிற சின்னப் படம்தான் தம்ப்நெயில். இந்தப் படத்தைச் செய்தவர் முதலில் காட்டிய அளவில்தான் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார். பார்வையாளரின் கண்ணுக்குப் போவது இரண்டாவது அளவு. இப்போது அந்த லோகோ எங்கே? கீழே இருந்த இரண்டு வரி எழுத்து எங்கே? பெரும்பாலான தம்ப்நெயில்கள் சொதப்புவது இங்கேதான். ரசனையில் குறையில்லை, பார்த்த அளவுதான் தப்பு.

யூடியூபுக்கு வழக்கமான அளவு 1280க்கு 720 பிக்சல், அதாவது 16:9 விகிதம். அதைப் பற்றிப் பேச வேறு ஒன்றும் இல்லை. ஆனால் வேலை செய்யும்போது அடிக்கடி ஜூமை 10, 15 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். அந்த அளவில் என்ன விஷயம் என்று புரிந்தால் படம் தேறிவிட்டது. புரியவில்லை என்றால் எதையாவது சேர்க்கத்தான் கை போகும். சேர்க்காதீர்கள், எடுங்கள்.

[திரையில்: சைக்கிள், பம்ப், கருவிப்பெட்டி, கட்டைவிரல் காட்டும் ஆள், மூன்று அம்புக்குறிகள். ஒவ்வொன்றாக மறைகின்றன. டயரில் குத்தி நிற்கும் ஆணி மட்டும் பெரிதாகிறது.]

ஓர் உதாரணம். வீடியோவின் தலைப்பு, ‘சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது எப்படி?’ தம்ப்நெயிலிலும் அதையே எழுதினால் ஒரே விஷயத்தை இரண்டு முறை சொன்னதாகிறது. தலைப்பு கீழேயே இருக்கிறதே! படத்தில் டயரும் ஆணியும் போதும். எழுத வேண்டுமென்றால், ‘உடனே பிடுங்காதீங்க!’ ஏன் பிடுங்கக் கூடாது என்று ஒரு கேள்வி எழுகிறதல்லவா? அதற்கு வீடியோவில் நேர்மையான பதிலும் இருக்கிறது: ஆணி இருக்கும்போதே டயரில் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டால், டியூபில் ஓட்டையைத் தேடி அலைய வேண்டாம்.

முகம் வைக்கலாமா? வைக்கலாம். மனிதக் கண் முகத்தைத் தேடிப் போகும், அந்த முகம் பார்க்கும் திசையிலும் போகும். ஆகவே முகம் ஆணியைப் பார்க்கட்டும். வாயைப் பிளந்து, தலையில் கைவைத்து நிற்கும் அந்த அதிர்ச்சி முகம் மட்டும் வேண்டாமே. எனக்கு அலுத்துப்போய் நாளாகிறது. பஞ்சருக்கு அவ்வளவு அதிர்ச்சி எதற்கு?

சரி, எழுத்துக்கு வருவோம். வெளிநாட்டு டுடோரியல்களில் சொல்லாத சிக்கல் ஒன்று தமிழில் எழுதுகிற நமக்கு உண்டு.

[திரையில்: ‘ண’, ‘ஞ’, ‘ஞ்’, ‘ணி’ ஆகியவை தடித்த கறுப்பு வெளிக்கோட்டுடன். சுருங்கும்போது சுழிகள் அடைபடுகின்றன.]

தமிழ் எழுத்தில் சுழி அதிகம். மிகத் தடிமனான ஃபான்டை எடுத்து, அதற்கு மேல் கறுப்பு வெளிக்கோடும் போட்டால், ‘ண’வின் சுழிகள் அடைபட்டு வெறும் திட்டாகிவிடும். புள்ளி மேல் வரியோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது காணாமலே போகும். நடுத்தரத் தடிமன், உள்ளே இடம் விட்ட எழுத்து, கொஞ்சம் தாராளமான வரி இடைவெளி: இதுதான் தாங்கும். மேலே விசிறி, கீழே சுழி என்று இரண்டு பக்கமும் நீளும் எழுத்துகள் நம்முடையவை. அப்புறம், சில மென்பொருள்களில் தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். மென்பொருளின் செட்டிங்கில் அதைச் சரிசெய்யாமல் அப்படியே ஏற்றிவிடாதீர்கள். வார்த்தைகளும் நமக்கு நீளம். மூன்று சொல்லுக்கு மேல் போனால் எழுத்து சிறுத்துவிடும், ஆகவே எழுதியதை வெட்டுங்கள்.

நிறத்துக்கு ஒரு சுலபமான சோதனை: படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். எழுத்தும் பின்னணியும் ஒரே சாம்பலாகக் கலந்தால் வெளிச்ச வேறுபாடு போதவில்லை என்று அர்த்தம். பச்சை மேல் சிவப்பு இதில் அடிக்கடி மாட்டும். நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அந்த ஜோடி சிரமம்.

[திரையில்: தம்ப்நெயிலின் வலது கீழ் மூலையில் ஒரு சிவப்புக் கட்டம்.]

இந்த மூலையைக் காலியாக விடுங்கள். வீடியோவின் நீளத்தைக் காட்டும் எண் அங்கேதான் வந்து உட்காரும். பாதி பார்த்த வீடியோவாக இருந்தால் அடியில் சிவப்புக் கோடும் ஓடும்.

இனி, போட்ட படம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? சேனல் நடத்துபவர்களுக்கான யூடியூப் ஸ்டூடியோவில் இம்ப்ரெஷன் கிளிக் விகிதம் இருக்கிறது. படம் பார்வையாளருக்குக் காட்டப்படுவது ஒரு இம்ப்ரெஷன்; அப்படி நூறு முறை காட்டினால் எத்தனை முறை கிளிக் ஆகிறது என்பதே அந்த விகிதம். பாதிச் சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் அது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பதாக யூடியூபே சொல்கிறது. அதனால் 4 சதவீதத்தைப் பார்த்துக் கலங்க வேண்டாம். வீடியோ புதியவர்களிடம் பரவும்போது அந்த விகிதம் இறங்குவதும் இயல்பு.

மூன்று தம்ப்நெயில் வரை ஒரே வீடியோவுக்குக் கொடுத்து ஒப்பிடும் வசதியும் உண்டு. அதில் வெற்றியைத் தீர்மானிப்பது கிளிக் எண்ணிக்கை அல்ல, பார்வை நேரம். ஆளை இழுத்துவிட்டு ஏமாற்றும் படம் இங்கே தோற்கும்; வந்தவர் சில நொடிகளில் ஓடிவிடுவாரே! ஆணியைப் பிடுங்காதே என்று படத்தில் சொன்னால், ஏன் என்பதை வீடியோவின் ஆரம்பத்திலேயே தொட்டுவிடுங்கள். பத்தாவது நிமிடம் வரை இழுக்காதீர்கள்.

மூன்று படம் கொடுக்கும்போது நிறத்தை மட்டும் மாற்றிக் கொடுப்பது வீண். ஒன்றில் ஆணி, ஒன்றில் ஒட்டி முடித்த டியூப், ஒன்றில் முகம் என்று யோசனையையே மாற்றுங்கள். பழைய வீடியோக்களில், இம்ப்ரெஷன் நிறைய வந்தும் கிளிக் வராதவற்றை முதலில் எடுங்கள். படத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால், எழுத்தும் படமும் தனித்தனி அடுக்குகளாக (லேயர்களாக) உள்ள மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.