மழை பிடித்துக்கொண்டால் விடுமுறை வீணா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மடியில் பிள்ளையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

'கைக்குழந்தையோடு தீவுக்குப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டால் விடுமுறை வீணா, நிறைவா?' இதுதான் தலைப்பு. நிறைவே என்று சொல்ல வந்திருக்கிறேன். ஏழு மாதப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஒரு தீவில் ஐந்து நாள் இருந்தவள் நான். அதில் முதல் மூன்று நாளும் விடாத மழை.

எதிரணித் தலைவர் சொன்னார்: குழந்தைக்குச் சளி பிடிக்கும், கட்டிய பணம் போச்சு, அறையில் அடைந்து கிடப்பதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

சளியிலிருந்து தொடங்குகிறேன். சளியைக் கொண்டுவருவது வைரஸ். மழைத்துளிக்குள் அது உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் எதிரணியின் பயத்தை நான் ஒதுக்கவும் மாட்டேன். குழந்தையின் எடை குறைவு, அந்த எடைக்குத் தோலின் பரப்பு அதிகம். அதனால் ஈரத்துணியும் காற்றும் சேர்ந்தால் உடம்புச் சூடு நம்மைவிட வேகமாக இறங்கிவிடும். இதற்கு மருந்து ஒன்றுதான்: நனைந்தால் உடனே துடை, மாற்று, மார்போடு அணைத்துக்கொள். என் பையில் எனக்கு இரண்டு உடைதான் இருந்தது. அவளுக்குப் பதினான்கு.

இன்னொன்றையும் கேளுங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தையை நேர்வெயிலில் காட்டாதீர்கள், சன்ஸ்கிரீனும் முடிந்தவரை பூசாதீர்கள் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதற்குப் பிறகும் கொளுத்தும் மத்தியான வெயில் ஆகாது. அப்படியென்றால், எதிரணி ஏங்குகிற அந்தப் பளிச்சென்ற கடற்கரை நாளில் குழந்தை எங்கே இருக்கும்? நிழலில், தொப்பிக்கு அடியில், இல்லையென்றால் அறைக்குள். மேகத்தைத் தாண்டியும் புற ஊதாக் கதிர் வரும் என்பது உண்மைதான். தொப்பியைக் கழற்றச் சொல்லவில்லை. ஆனால் வெயில் நாள் குழந்தைக்கான நாள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பணத்தைப் பற்றி நீளமாகப் பேசப்போவதில்லை. தீவு முழுக்க ஒரே மாதிரி மழை பெய்வதில்லை. நடுவில் மலை இருந்தால் காற்று மோதும் பக்கம் கொட்டித் தீர்க்கும், மறுபக்கம் காய்ந்து கிடக்கும். ஹவாயில் காவாய் என்று ஒரு தீவு. அதன் வையலேயாலே மலையுச்சியில் ஆண்டுக்குச் சராசரியாக 9,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் மேற்குக் கரையில் ஏறக்குறைய 500 மில்லிமீட்டர்தான். அறை எடுக்கும்முன் எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். புயல் எச்சரிக்கை வேறு விஷயம். படகை நிறுத்தச் சொன்னால் நிறுத்தத்தான் வேண்டும். அந்த நாளில் கைக்குழந்தையோடு கடலில் இறங்குவதற்கு நான் வாதாட மாட்டேன்.

சரி, அடைந்து கிடந்த கதைக்கு வருகிறேன். என் வழக்கே இதில்தான் இருக்கிறது.

எங்கள் அறைக்குத் தகரக்கூரை. முதல் நாள் இரவு மழை அடித்த அடியில் பிள்ளை அலறப்போகிறாள் என்று பயந்தேன். அவள் தூங்கினாள். 1990இல் பிரிட்டனில் பச்சிளங்குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே சீரான இரைச்சலைக் கேட்ட 20 குழந்தைகளில் 16 பேர் ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டார்கள். கேட்காத 20 பேரில் 5 பேர்தான். சீராகப் பெய்யும் மழையின் சத்தமும் அந்த வகைதான். ஏழு மாதத்தில் நான் தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்கியது அன்றைக்குத்தான்.

இரண்டாம் நாள் காலை அவளை ஜன்னலோரம் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியில் ஒரு துளி மெல்ல இறங்கியது. அவள் விரல் அதன் பின்னாலேயே போனது. பாதி வழியில் அது இன்னொரு துளியோடு ஒட்டிக்கொண்டு சரேலென்று ஓடியது. தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் சிரித்தாள். அடுத்த துளிக்குக் காத்திருந்தாள். முக்கால் மணி நேரம், நடுவர் அவர்களே! வீட்டில் நான் அவளோடு எந்த ஜன்னலில் முக்கால் மணி நேரம் நின்றேன்? அடுப்பு கூப்பிடும், போன் கூப்பிடும்.

மூன்றாம் நாள் என் கணவர் தரையில் துண்டு விரித்து அவளைக் குப்புறப் போட்டு, எதிரே தானும் குப்புறப் படுத்துக்கொண்டார். அவரிடம் போகத்தான் கையை ஊன்றித் தள்ளினாள். உடம்பு பின்னால் போனது! குழந்தைகள் பலர் முதலில் பின்னால்தான் நகரும், கைக்கு வலு முந்தி வருவதால். அவருக்கு அது தெரியாது. "ஏய், போறா பாரு, போறா பாரு" என்று கத்திய கத்தில் பக்கத்து அறையிலிருந்து அத்தை ஓடி வந்தார். வெயில் அடித்திருந்தால் அந்த நேரத்தில் அவர் கடலில் இருந்திருப்பார். தூங்கும் பிள்ளைக்குக் காவலாக நான் உள்ளே இருந்திருப்பேன். ராத்திரி அவருக்குக் கதையாகச் சொல்லியிருப்பேன். குடும்ப விடுமுறை பெரும்பாலும் அப்படித்தானே நடக்கிறது? ஒருவர் கடலில், ஒருவர் காவலில். மழைதான் எங்கள் நான்கு பேரையும் ஒரே துண்டைச் சுற்றி உட்காரவைத்தது.

நான்காம் நாள் வெயில் வந்தது. என் கணவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனார். அங்கேயே நின்றார். திரும்பி வந்து, "நீ போய்ட்டு வா. இவ தூங்கி எழுந்தா நான் பாத்துக்கறேன்" என்றார். மூன்று நாளில் அவருக்கு அவளுடைய தூக்கம், பசி, அழுகை மூன்றும் பிடிபட்டிருந்தன.

பிள்ளை பிறந்தபிறகு முதல்முறையாக நான் தனியாகக் கடலில் இறங்கினேன். அரை மணி நேரம். அறையிலிருந்து யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

நன்றி, வணக்கம்.